கிரேஸியின் கன்னம்

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் இருபது வருஷமாகத் தோல் தரம் பிரிக்கிறவர் கிருபானந்தம். தோலை வெளிச்சத்தில் சாய்த்துக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், ஃபர்ஸ்ட்டா, கழிசலான தேர்டா என்று சொல்லிவிடுவார். கை அப்படி. வாய்க்குத்தான் பூட்டே கிடையாது.

அவர் மகள் கிரேஸிக்கு முகப்பரு ஆறிய தழும்புகள் கன்னமெல்லாம். டைப்பிங் வகுப்பை விட்டாள், பிறகு சர்ச்சுக்குப் போவதையும் விட்டாள். அப்பா எட்டு மாதம் கெஞ்சி, "அங்க வந்து நான் வாயே தொறக்க மாட்டேம்மா" என்று சத்தியம் பண்ணித்தான் எழுபத்தெட்டாம் வருஷம் அவளை வேலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்ற முடிந்தது.

அங்கே தோல் டாக்டர் ஜெபராஜைச் சுற்றி நாலு மாணவர்கள் நின்றார்கள். அவர் விளக்கைப் பக்கவாட்டில் திருப்பி, "எத்தனை வகைத் தழும்பு தெரியுது?" என்று அவர்களைக் கேட்டார். நாலு பேரும் நோட்டைப் புரட்டினார்கள். கிருபானந்தத்தால் பொறுக்க முடியவில்லை.

"மூணு வகை சார்" என்று எழுந்தே வந்துவிட்டார். கட்டைவிரல் மகளின் கன்னத்தில் ஊர்ந்தது. "இது ஊசி குத்துன மாதிரி ஆழம், தேய்ச்சாலும் போவாது. இது அகலப் பள்ளம், தேய்ச்சா சமமாயிடும். தாடைல இருக்கறது மேடு."

டாக்டர் சிரித்தார். "கரெக்ட். எங்க கத்துக்கிட்டீங்க?" ஆழமானதை வட்டமாக வெட்டி எடுத்துத் தைக்கலாம், அகலமானதைச் சுழலும் பிரஷ்ஷால் தேய்க்கலாம், மேட்டுக்கு ஊசி போடலாம், மாநிறத் தோலில் திட்டுத்திட்டாகக் கறுக்கவும் கூடும் என்று மாணவர்களுக்குச் சொன்னார்.

பாராட்டு கேட்ட மனுஷன் அதோடு நிற்பாரா? "டேனரில தெனம் பாக்கறதுதானே சார். இந்த மாதிரி வந்தா யோசிக்கவே மாட்டேன், தேர்டுல தள்ளிடுவேன்."

ஒரு மாணவன் களுக்கென்று சிரித்துவிட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் பெற்ற பெண்ணையும் சேர்த்தல்லவா கெடுத்தார்! கன்னத்திலிருந்து எடுத்த விரல் ஈரமாக இருந்தது.

"எல்லாத்தையும் பண்ணிடுங்க டாக்டர்" என்றாள் கிரேஸி, அப்பாவைப் பார்க்காமல். "கறுத்தாலும் பரவால்ல. அவரை மட்டும் வெளிய இருக்கச் சொல்லுங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அரை மணி கழித்து நர்ஸ் ஜெயபுஷ்பம் வந்தாள்.

"கிரேஸி கூட வந்தவங்க யாரு?"

"நான்தாம்மா, அப்பா. கையெழுத்து எங்க போடணும்?"

"அவங்களே போட்டுட்டாங்க. வார்டுல சேத்தாச்சு" என்றாள் நர்ஸ். "உங்கள ஊருக்குப் போய் அம்மாவை அனுப்பச் சொன்னாங்க."