ராக்கெட்டுக்குள் இன்னொருத்தி

‘இரும்புச் சிறகன்’ படக்கதை வரிசையில் முப்பத்தேழாவது இதழ், ‘இரட்டைச் சூரிய மணமகள்’. மற்ற இதழ்களில் சிறகன் அடிப்பான், உதைப்பான், நகரத்தைக் காப்பாற்றுவான். இந்த ஒன்றில் மட்டும் காதலித்தான். இரண்டு சூரியன்கள் உள்ள கிரகத்தில் நீல நிற இளவரசி ஒருத்தியைக் கண்டான். மனிதத் தோல் பட்டால் அந்தக் கிரகத்தார் உப்பாக உதிர்ந்துவிடுவார்கள் என்று பிறகு தெரிந்தது. கடைசிப் படத்தில் முகங்கள் கிடையாது. ராக்கெட் சன்னலின் கண்ணாடிக்கு உள்ளே அவன் கை, வெளியே அவள் கை. அத்துடன் கதை முடிகிறது.

அச்சாகி வந்தபோது அவள் கை நீலமாக இல்லை. இரண்டு கைகளும் மனித நிறத்தில் இருந்தன.

வாசகர்கள் சும்மா விடவில்லை. இரண்டு கைகளுமே ராக்கெட்டுக்கு உள்ளே இருப்பதாக எடுத்துக்கொண்டார்கள். இளவரசியைக் கைவிட்டுவிட்டு சிறகன் கூட்டிப் போகும் அந்த இன்னொருத்தி யார் என்று கேட்டு எழுதினார்கள். ஓவியர் எந்த மேடை ஏறினாலும் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து அதைக் கேட்பது வழக்கமாயிற்று. ஓவியரும் சளைக்காமல் ஒரே பதிலைச் சொல்வார்.

“அதை என் வீட்டுக்காரியைத்தான் கேக்கணும். கலர் போட்டது அவதான்.”

அரங்கம் சிரிக்கும். மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். முதலில் அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு குறைந்தது. பிறகு கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் மையிட்டு முடித்த பக்கத்தை நகலெடுத்து, அந்த நகலின் மேல் நீர்வண்ணம் பூசி அச்சகத்துக்கு அனுப்புவார்கள். அதைப் பார்த்து அச்சகத்தில் நிறம் பிரிப்பார்கள். எல்லா இதழ்களுக்கும் வண்ணம் பூசியது அவள்தான், சாப்பாட்டு மேசையில், தட்டுகளை ஒதுக்கிவிட்டு. உள் அட்டையில் ‘கதை, ஓவியம்’ என்று அவர் பெயர் மட்டும் இருக்கும். பாராட்டு வந்தால் அச்சிட்ட பெயருக்குப் போகும். கேலி வந்தால் அவளுக்கு.

இப்போது ஒரு புதிய பதிப்பகம் அந்த இதழை மறுபடி கொண்டு வருகிறது. செய்தி வந்த அன்று மனைவி கேட்டது ஒன்றுதான்.

“அந்தக் கையை நீலமாக்கச் சொல்லுங்க.”

“ஆகட்டும்.”

“ஆகட்டும்னு வாயால சொன்னா ஆச்சா? ஃபோனைப் போடுங்க.”

போட்டார். பதிப்பாளர் இளவயதுப் பெண். நிமிஷத்தில் செய்துவிடலாம் சார், இப்போதெல்லாம் கம்ப்யூட்டர்தானே என்றாள். மனைவி அன்று மாலை வெகு காலத்துக்குப் பிறகு தேநீரைத் தானே போட்டுக் கொண்டுவந்து அவர் படம் வரையும் பலகை மேல் வைத்தாள். அந்தப் பலகை மேல் ஈரம் படக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம்.

இரண்டு நாளில் திருத்துவதற்கான புரூஃப் கட்டு வந்து சேர்ந்தது. கூடவே பதிப்பாளரின் ஃபோனும்.

“சார், ஒரு சின்ன சந்தேகம். எந்தக் கையை நீலமாக்கணும்?”

“இதென்ன கேள்வி? இளவரசி கையை.”

“எது இளவரசி கை? கண்ணாடிக் கோடே அழிஞ்சு போயிருக்கு.”

“இடது பக்கம் இருக்கே, அதும்மா.”

“அதுல சுண்டு விரல் கோணலா இருக்கு சார். பதினெட்டாம் பக்கத்துல ரோபோ சிறகனோட கையைத்தானே நசுக்குது? அப்போ கோணல் கை சிறகனோடதுன்னு எங்க ஆபரேட்டர் சொல்றார். தப்பான கையை நீலமாக்கிட்டா இன்னும் வம்பு.”

அப்படி ஒரு கோணல் இருப்பது ஓவியருக்கே இப்போதுதான் தெரியும். பார்த்துச் சொல்வதாக ஃபோனை வைத்தார்.

“வரைஞ்சவருக்கே எந்தக் கை யாருதுன்னு தெரியலையாக்கும்,” என்றாள் மனைவி, பால்கனிக்குத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறபோது. “தப்பு மட்டும் என்னோடது.”

அவர் பீரோவைத் திறந்து மூலப் பக்கத்தைத் தேடி எடுத்தார். தாள் பழுத்திருந்தது. ஒட்டுநாடா இருந்த மூலைகள் பழுப்பாகியிருந்தன. கோடுகள் மட்டும் நேற்றுப் போட்டவை போல இருந்தன.

முகத்தை மனத்திலிருந்து போடலாம், கையைப் பார்த்துத்தான் போட வேண்டும் என்பது அவர் வழி. சிறகனின் கைகளுக்கு மாதிரி அவருடைய இடது கை. வலது கை வரைந்துகொண்டிருக்கும், இடது கை முஷ்டி பிடித்துக் காட்டும். சிறகன் எல்லா வில்லன்களையும் இடது கையாலேயே அடித்தான் என்பதை எந்த வாசகனும் கண்டுபிடிக்கவில்லை.

இடது கையைப் பக்கத்தின் அருகில் விரித்து வைத்தார். தடித்த கட்டைவிரல், அகன்ற உள்ளங்கை. படத்தில் வலப்பக்கம் இருந்த கை அப்படியே இது. ஆக, கோணல் விரல் கை சிறகனுடையது இல்லை. ஆபரேட்டர் சொன்னது தப்பு. பதிப்பாளருக்குச் சொல்ல இது போதும்.

ஆனால் அவர் ஃபோனை எடுக்கவில்லை. அந்த இன்னொரு கைக்கு எதைப் பார்த்து வரைந்தார் என்பது பிடிபடவில்லை.

இளவரசியின் முகத்துக்கு மாதிரி ஒரு விமான நிறுவன விளம்பரம். அதில் சிரித்த பணிப்பெண்ணின் படத்தைக் கத்தரித்து, பலகைக்கு மேலே குத்தி வைத்திருந்தார். எவ்வளவோ நாள் அது அங்கே இருந்தது. ‘என் மூஞ்சி எந்தக் கிரகத்துக்கும் லாயக்கில்லை போல’ என்று மனைவி அதைத் தூசி தட்டும்போதெல்லாம் சொல்வாள். அந்தப் படம் தோளோடு முடிந்துவிடும். பணிப்பெண்ணுக்குக் கை கிடையாது.

அவர் நிமிர்ந்தார். பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மனைவி துண்டை உதறிக்கொண்டிருந்தாள். பக்கத்தோடு எழுந்து போய்க் கதவைக் கொஞ்சம் திறந்தார்.

“இங்க பாரு, கையைக் கொஞ்சம் காட்டு.”

“எதுக்கு? ஜோசியம் பாக்கவா?”

“கண்ணாடி மேல வையேன்.”

“எனக்கு வேற வேலை இல்லை பாருங்க,” என்றாள். ஆனாலும் ஈரக் கையைப் புடவையில் துடைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளிப்பக்கமிருந்து கண்ணாடியில் பதித்தாள். பழகிய வேலை போல விரல்களைச் சரியான இடைவெளியில் விரித்தாள்.

தோல் சுருங்கியிருந்தது. கணுக்கள் பருத்திருந்தன. சுண்டு விரலின் நுனிக் கணு வெளிப்பக்கம் வளைந்திருந்தது. பள்ளிக்கூட நாளில் பேருந்துக் கதவு நசுக்கியது. கல்யாணமான புதிதில் ஒரு முறை அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அதைப் பார்த்த ஞாபகம் அவருக்கு இல்லை.

பக்கத்தைத் தூக்கிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிடித்தார். அவள் குனிந்து பார்த்தாள். வாய் ஏதோ சொன்னது, கேட்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“இது என் கை.”

“ஆமா.”

“என்னை நிக்க வெச்சா வரைஞ்சீங்க?”

“அப்படித்தான் இருக்கணும். ஞாபகம் இல்லை.”

“எனக்கும் இல்லை. எத்தனையோ தடவை கூப்பிடுவீங்க, நின்னுட்டுப் போவேன்.” பக்கத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தாள். “நான் அந்த ஏரோப்ளேன்காரி கைன்னுல்ல நெனச்சிருந்தேன்.”

“கலர் போடும்போது உனக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் நீலம் போடலை.”

“கதை கட்டாதீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. கை மாதிரி இருந்துது, கை கலர் போட்டேன்.”

ஃபோன் அடித்தது. பதிப்பாளர்தான். பக்கங்கள் அச்சுக்குப் போக வேண்டும், எந்தக் கை என்று சொன்னால் போதும் என்றாள்.

“எந்தக் கையும் வேணாம்மா,” என்றார் ஓவியர். “அப்படியே இருக்கட்டும்.”

“என்னது?” என்றாள் மனைவி.

அவர் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டார். “அது உன் கை. அதை எப்படி நீலமாக்கறது?”

“நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிடுவீங்க. இன்னும் எத்தனை வருஷம் நான் கேலி கேக்கணும்? ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அதுவும் இல்லைன்னு ஆச்சா?”

“இனிமே யாராவது கேட்டா அந்த இன்னொருத்தி யாருன்னு நானே சொல்லிடறேன். மேடையில வெச்சே சொல்றேன்.”

“சொல்லுங்க. அதுக்கும் கை தட்டுவாங்க. உங்களுக்குத்தான் தட்டுவாங்க.”

அவர் யோசித்துப் பார்த்தார். அவள் சொன்னபடிதான் நடக்கும்.

“சார், லைன்ல இருக்கீங்களா?” என்றது ஃபோன்.

மனைவி கையை நீட்டினாள். கொடுத்தார்.

“வணக்கம்மா. நான் அந்தப் புத்தகத்துக்குக் கலர் போட்டவ பேசறேன்.”

அவள் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டு அவர் கேட்டதில்லை.

“உள் அட்டையில பேர் போடறீங்கள்ல? அதுல ‘வண்ணம்’னு ஒரு வரி சேர்க்கணும். என் பேர். அவர் பேர் எந்த அளவுல இருக்கோ அதே அளவுல… ஆமா. அது சேர்ந்தா கை அப்படியே இருக்கட்டும். சேராதுன்னா நீலமாக்கிடுங்க, இடது பக்கக் கையை.”

அந்தப் பக்கம் ஏதோ தயக்கமாகக் கேட்டது.

“தப்பு என் பேர்ல வந்துடுமேன்னு நீங்க கவலைப்படாதீங்கம்மா. இத்தனை நாளா பேர் இல்லாமயே என் தலையிலதான் விழுந்துது.”

பெயரைச் சொன்னாள். அப்பா வைத்த முழுப் பெயர். அந்த வீட்டில் அதை யாரும் முழுசாகச் சொல்லிப் பல காலம் ஆகியிருந்தது. ஓவியருக்கு அது கொஞ்சம் அதிக நீளமாகப் பட்டது.

“வெச்சிடாதீங்க, ஒரு நிமிஷம்.” அவள் நாற்காலியை இழுத்து அவர் பலகை முன்னால் உட்கார்ந்தாள். அன்றைய தேநீர்க் கோப்பையை நகர்த்திவிட்டுப் புரூஃப் கட்டைப் பிரித்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “பதினோராம் பக்கத்துல வானம் பச்சையா இருக்கு. நான் போட்டது ஊதா. ரெண்டு சூரியன் இருக்கிற ஊருல சாயங்காலம் எப்படிப் பச்சையா இருக்கும்? அது பிரஸ்காரன் வேலை. மாத்துங்க. பதினாலுல அந்த ஏரோப்ளேன்காரி… இளவரசி, இளவரசி உதட்டைப் பாருங்க. ரத்தம் குடிச்ச மாதிரி இருக்கு. அதைக் குறைங்க. எழுதிக்கறீங்களா?”

ஓவியர் மூலப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் நிமிராமல் பால்கனிப் பக்கம் விரலைக் காட்டினாள். பக்கத்தை பீரோவில் வைத்துவிட்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

உள்ளே அவள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. வாளியில் இன்னும் பாதித் துணி இருந்தது. ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டார்.