மேல் தாழ்ப்பாள்

நாற்காலிதான் முதலில் உடைந்தது. அவள் அதை இரண்டு கையாலும் தூக்கிக் கதவில் மோதிய வேகத்தில் முன்கால்கள் இரண்டும் தெறித்தன. ஒன்று அடுப்படி வரை உருண்டுபோயிற்று. கதவில் விழுந்தது ஒரு கீறல் மட்டும்தான்.

"என்ன உடைஞ்சது?" என்று உள்ளேயிருந்து அவள் கணவர் கேட்டார்.

"நாற்காலி."

"எந்த நாற்காலி?"

"நீங்க செஞ்சதுதான். வேற எது இப்படிப் பொலபொலன்னு உதிரும்?"

உள்ளே சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு இழுக்கும் சத்தம். தூசு வெளியே வரக்கூடாதென்று கதவுக்கடியில் அவர் ஒட்டியிருந்த ரப்பர் பட்டையைத் தாண்டி ரத்தம் வந்துகொண்டிருந்தது. மரத்தூளோடு கலந்து கூழாக வந்தது. அவள் அதை மிதித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

வாரத்தில் ஆறு நாள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து மாட்டுகிற மனிதர். அங்கே மயிரிழை பிசகாத கை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சாமான் அறைக்குள் நுழைந்து பலகை அறுக்க ஆரம்பித்துவிட்டால் அந்தக் கைக்கு என்ன கேடு வருமோ, செய்வதெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். ஆடுகிற அலமாரி, இழுத்தால் வராத இழுப்பறை, உட்கார்ந்தால் முனகுகிற நாற்காலி. மாடிவீட்டுக்காரர்கள் அவருக்கு 'ஞாயிற்றுக்கிழமைத் தச்சர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். மூன்று வருடத்தில் ஆடாமல் அசையாமல் அவர் செய்த ஒரே சாமான் இந்தக் கதவு. மெஷின் சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்று இரண்டு பிளைவுட் பலகைகளைப் பசை போட்டு ஒட்டி, அது போதாதென்று நாற்பது திருகாணிகளையும் முடுக்கியிருந்தார்.

தாழ்ப்பாள் அவளால் வந்தது. போன மாதம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது சாப்பிடக் கூப்பிடலாமென்று கதவைத் திறந்தாள். அவர் திடுக்கிட்டதில் ஒரு விரல் போயிருக்க வேண்டியது. "வேலை செய்யும்போது இப்படியா வந்து நிப்பே?" என்று கத்தினார். "அப்போ உள்ள தாப்பாளப் போட்டுக்கிட்டுக் கிடங்க, எனக்கென்ன வந்துச்சு!" என்று அவளும் கத்தினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போட்டுவிட்டார். மேலே, ஒன்றே ஒன்று. நின்றால்தான் கைக்கு எட்டும்.

இப்போது அவரால் நிற்க முடியவில்லை. டைல்ஸ் வெட்டுகிற மெஷினில் மரம் அறுக்கிற பிளேடை மாட்டியிருக்கிறார். பலகையில் சிக்கிய பிளேடு எகிறித் தொடையில் இறங்கிவிட்டது.

"அதுக்கு ஒரு மூடி இருக்குமே, அது எங்க போச்சு?"

"கழட்டிட்டேன்மா. குறுக்க குறுக்க வந்துச்சு."

"உங்க தலையில இடி விழ! கால இறுக்கிக் கட்டுனீங்களா?"

"துணி கட்டி, மேல பெல்ட்டும் போட்டுட்டேன். நிக்க மாட்டேங்குது." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கடையில் யாரிடமோ கண்ணாடிப் பவர் சொல்வது போல.

ஆம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டது. பத்து நிமிடம் என்றார்கள். பத்து நிமிடம் தாங்காது என்று காலடியைப் பார்த்தாலே தெரிந்தது. வீட்டில் ஐந்து சுத்தியல், இரண்டு கடப்பாரை, ஏழெட்டு உளி இருந்தன. அத்தனையும் கதவுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் அவளிடம் இருந்தது காய் நறுக்குகிற கத்தியும் உடைந்த நாற்காலியும். அந்தச் சாமான் அறைக்கு ஜன்னலும் கிடையாது.

"இரு, கத்தாத. இங்க நீளமா ஒரு ரீப்பர் கட்டை கிடக்கு. அதால தாப்பாளத் தள்ளிப் பாக்குறேன். நீ கைப்பிடியப் புடிச்சுக் கதவ மேல தூக்கு. தூக்குனாத்தான் அது நகரும்."

அந்தத் தாழ்ப்பாளும் அவர் கைவேலைதானே, நேராக எப்படி இருக்கும்? அவள் கைப்பிடியைப் பிடித்துத் தொங்காத குறையாக மேலே நெம்பினாள். உள்ளே கட்டை இரும்பில் உரசுவது கேட்டது.

"நகருது, நகருது. விட்டுறாத!"

"விடல, தள்ளுங்க!"

ஒரு தடவை உரசியது. இன்னொரு தடவை. அப்புறம் கட்டை தரையில் விழுந்த சத்தமும், அவர் கதவோடு சரிந்து உட்காரும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

"கை தூக்க வரலம்மா," என்றார்.

இரவு வண்டி ஓட்டிவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டு பஸ் டிரைவர் பனியனோடு ஓடிவந்தார். தரையைப் பார்த்தார். இரண்டு தடவை தோளால் மோதினார். கதவு அவரைத் திருப்பி அனுப்பியது. அதற்குள் அவள் அடுப்படியிலிருந்து காலி கேஸ் சிலிண்டரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"தம்பி, அடிப்பக்கம் புடிங்க."

"மேல, தாப்பாள்கிட்ட இடிங்க," என்று உள்ளேயிருந்து சொன்னார்.

அவ்வளவு உயரத்தில் தூக்கிப் பிடித்து ஆட்ட இருவராலும் முடியவில்லை. இடுப்பளவில் வைத்து ஆட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று இடித்தார்கள். கதவு அதிர்ந்தது. கூடவே உள்ளே அவர் 'ஹக்' என்று ஒரு சத்தம் போட்டார். மரத்தின் சத்தம் இல்லை அது.

"என்னங்க? என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. கதவுல சாஞ்சிருக்கேன்."

"தள்ளிப் போங்க!"

"முடியலம்மா."

டிரைவர் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டார். "வேணாம்க்கா. மனுஷன் முதுகுல படுது. வண்டி வந்துரட்டும்."

"வண்டிக்காரன் வந்தாலும் இந்தக் கதவத்தானே உடைக்கணும்? அதுக்குள்ள உள்ள என்ன மிச்சமிருக்கும்?"

டிரைவர் நகரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, முன்னைவிடத் தாழ்வாக.

"தம்பி, அவ சொல்றதக் கேளுங்க. இடிங்க. முதுகுதானே, தாங்கும்."

இடித்தார்கள். ஒவ்வொரு இடிக்கும் அவள் திட்டினாள். வேலையத்த வேலை, வீடெல்லாம் தூசு, ஊர்ல இல்லாத தச்சர், உங்களக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு, என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். திட்டினால் அவர் பதில் சொல்லுவார். பதில் சொல்கிறவரை உயிர் இருக்கிறது. அவ்வளவுதான் அவள் கணக்கு. அவரும் "ம்" என்றார். அடுத்ததற்கும் "ம்" என்றார். ஒவ்வொரு "ம்"முக்கும் முன்னால், கட்டிய மனிதரின் எலும்பில் தன் கை வேகம் போய் இறங்குவது பலகை வழியாக அவள் கைக்குத் தெரிந்தது. தெரிந்தும் இடித்தாள். கொஞ்சம் மெல்ல இடிக்கலாமா என்று ஒருதரம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவே அடுத்ததை இன்னும் பலமாக இடித்தாள்.

"ஏம்மா," என்றார் நடுவில். "கதவ நல்லாத்தான் செஞ்சிருக்கேன், இல்ல?"

"வாய மூடுங்க! இந்தக் கதவையே கட்டிக்கிட்டுக் கிடங்க!"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பாவி, அதைச் சொல்ல நாக்கு வரவில்லை. அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவள் திட்டிப் பார்த்தாள், அடுத்ததற்கும் பதில் இல்லை. "பேசுங்க!" என்று கத்திக்கொண்டே இடித்தாள். டிரைவர் அழுதுகொண்டே இடித்தார். எத்தனையாவது இடியோ, தாழ்ப்பாள் சட்டத்தைப் பிய்த்துக்கொண்டு காரையோடு வந்துவிட்டது. கதவு ஒரு சாண் திறந்து நின்றது. அவருடைய கனம் தடுத்தது. இரண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ள, அவர் தரையோடு தேய்ந்துகொண்டே பின்னால் போனார். அவள் இடுக்கில் நுழைந்து, அவர் தொடையைத் தன் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அமுக்குவதற்கு அங்கே ரத்த ஓட்டம் எதுவும் இல்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நடைவழி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். யாரோ கை கழுவச் சொன்னார்கள். கழுவினாள். நகக்கண்ணில் மரத்தூள் போகவில்லை. டிரைவர் யாருடைய சட்டையையோ வாங்கிப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். வீட்டில் அடிபட்டு வந்த சாவு என்பதால் எழுதிக்கொள்ளப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். வயசானவர், அதட்டவில்லை. டாக்டர் கொடுத்த தாளைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"தொடையில வெட்டு. அது மெஷின், சரி. முதுகு பூராக் கன்னிப்போயிருக்கே. தோள்பட்டை எலும்புல வேற விரிசல் விட்டிருக்கு. அது என்னம்மா, கீழ விழுந்தாரா?"

"சார், அது வந்து..." என்று டிரைவர் ஆரம்பித்தார்.

"நான் அடிச்சது," என்றாள் அவள்.

போலீஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். டிரைவர் முந்திக்கொண்டு கதவு, தாழ்ப்பாள், சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கேட்டுவிட்டுப் போலீஸ்காரர் பேனாவைத் திறந்தார்.

"கதவு உடைக்கும்போது பட்டதுன்னு போட்டுக்கறேன்மா. அடிச்சது கிடிச்சதுன்னெல்லாம் யாருகிட்டயும் சொல்லாதீங்க."

அவள் தலையாட்டினாள். பிறகு அவர் கையிலிருந்த தாளைக் காட்டிக் கேட்டாள்.

"கடைசி வரைக்கும் வலிச்சுதான்னு அதுல போட்டிருக்கா சார்?"

போலீஸ்காரர் தாளை மேலிருந்து கீழ்வரை இன்னொரு தடவை படித்தார். அப்புறம் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார்.