வேங்கைக் கட்டில்

கட்டில் எந்தக் கடையில் எடுத்தது என்று சம்பந்தி அம்மாள் நிர்மலா போனில் கேட்டபோது, கலைவாணி யோசிக்காமல் நேரு வீதியில் எடுத்தோம் என்று சொல்லிவிட்டாள். அடுத்து கடைப் பெயரையும் கேட்டுவிடுவாளோ என்று பயந்து, அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிப் பேச்சை முடித்தாள். அடுப்பில் எதுவும் இல்லை. தரையில் உட்கார்ந்து கல்யாணப் புடவைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்த மகள் இனியா தலை நிமிரவில்லை. அவள் விரல்கள் மட்டும் கொஞ்சம் நின்று, பிறகு மறுபடி வேலையைத் தொடர்ந்தன.

கட்டிலை எந்தக் கடையிலும் எடுக்கவில்லை. அது இனியா செய்தது.

நெல்லித்தோப்பில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள் இனியா. கல்யாணம் நிச்சயமான பிறகு ஒருநாள் சாயங்காலம் வந்து, உப்பளத்தில் இருக்கும் கைத்தொழில் பள்ளியில் கோடைக்கு மரவேலைப் பயிற்சி நடக்கிறது, பெயர் கொடுத்துவிட்டேன் என்றாள். கல்யாணப் பெண்கள் தையல் கற்றுக்கொள்வதையும் கேக் செய்யப் பழகுவதையும் கலைவாணி பார்த்திருக்கிறாள். மரவேலை என்றதும் முதலில் காதில் சரியாக விழவில்லை என்றுதான் நினைத்தாள். காலையில் பயிற்சிக்குப் போய்விட்டு அங்கிருந்து நேராக மருந்துக்கடைக்குப் போவாள் மகள். திரும்பி வரும்போது தலைமுடியில் மரத்தூள் இருக்கும். வேங்கை மரத்தின் தூள் வேர்வையில் நனைந்தால் மஞ்சளாகக் கறை பிடிக்கும் என்பதை அவளுடைய துப்பட்டாக்களைத் துவைத்துத்தான் கலைவாணி தெரிந்துகொண்டாள். முதலில் ஒரு முக்காலி வந்தது. அது ஆடியது. இரண்டாவதாக வந்தது ஆடவில்லை. அதற்குப் பிறகு, ஆளுக்கொரு பெரிய சாமான் செய்யலாம் என்று பயிற்சி கொடுக்கும் அறிவுமதி சொன்னாராம். மற்றவர்கள் புத்தக அலமாரி, செருப்பு ஸ்டாண்ட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இவள் கட்டில் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கலைவாணிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கட்டில், மெத்தை, பீரோ என்று பெண் வீட்டார் கொடுப்பது ஊர் வழக்கம். கட்டில் வாங்க வக்கில்லாமல் பெண்ணையே செய்ய விட்டார்கள் என்று நாலு பேர் சொல்வார்கள். அதைவிட மோசமாக, கல்யாணப் பெண் தன் கட்டிலைத் தானே செய்துகொண்டாளாம் என்று வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். இதையெல்லாம் மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வேறு எதையோ சொல்லித் திட்டினாள்.

இனியா கேட்டுக்கொண்டாள், மறுநாளும் போனாள். இரண்டாவது மாதம் அவள் உள்ளங்கையைத் தொட்டால் காய்ப்பு தட்டுப்பட்டது.

பயிற்சி முடிந்த அன்று பெற்றவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கணவர் சக்கரபாணியுடன் கலைவாணியும் போனாள். சக்கரபாணி குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர். எத்தனையோ வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கியவர். கட்டிலை ஒரு சுற்று சுற்றி வந்து, தலைமாட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. திருகு, ஆணி எதுவும் அதில் கிடையாது. நீளச் சட்டத்தின் முனை கால்கட்டையின் துளைக்குள் புகுந்து, மறுபக்கம் நாக்கு மாதிரி வெளியே நீண்டிருந்தது. அந்த நாக்கில் ஒரு ஆப்பை அடித்தால் எல்லாம் இறுகிக்கொள்ளும். ஆப்பைத் தட்டி எடுத்தால் தனித்தனியாகக் கழன்றுவிடும். எவ்வளவு குறுகலான வாசலுக்குள்ளும் கொண்டுபோகலாம் என்றாள் இனியா. கலைவாணி தலைமாட்டின் மேல் கையை வைத்தாள். பாத்திரம் தேய்த்துச் சொரசொரத்துப் போயிருந்த அவள் கைக்கு அந்த மரம் குழந்தையின் முதுகு போல வழவழவென்று இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் வந்தது வேறு.

"இத நீ செஞ்சேன்னு அங்க யாருகிட்டயும் சொல்லிக்காத."

"சரிம்மா" என்றாள் இனியா. மரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது வண்டியில் சக்கரபாணி, எனக்குப் பொய் வராது, கேட்டால் நீதான் சொல்லிக்கணும் என்று மட்டும் சொன்னார்.

கல்யாணத்துக்கு முதல்நாள் அவரே கட்டிலைக் கழற்றி அரியாங்குப்பத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். மாப்பிள்ளை வீட்டில் நிற்க இடமில்லாமல் வெளியூர்ச் சொந்தங்கள் நிறைந்திருந்தார்கள். சட்டங்களைக் கூடத்துச் சுவரோரம் சாய்த்து, துணியில் முடிந்த ஆப்புகளையும் அங்கேயே வைத்துவிட்டு, நாளைக்கு வந்து பூட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் தாலி கட்டி முடிந்து, பால் பழத்துக்காகப் பெண்ணும் மாப்பிள்ளையும் அரியாங்குப்பம் கிளம்பும்போது, மண்டபத்துப் பாத்திரங்களைக் கணக்குப் பார்த்து ஒப்படைக்க அவர் பின்தங்கிவிட்டார்.

கலைவாணி மகளுடன் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது, கட்டில் சட்டங்கள் கூடத்து நடுவில் பரப்பிக் கிடந்தன. மாப்பிள்ளை முகிலனின் சித்தப்பா ராஜவேல் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கதவு ஜன்னல் பொருத்துகிற வேலை அவருக்கு. கையில் டிரில் மெஷின் இருந்தது.

"ஸ்க்ரூவே குடுக்காம ஏமாத்திட்டான் கடைக்காரன்" என்றார் அவர். "பரவால்ல, நான் ஓட்டை போட்டு முடுக்கிடுறேன்."

மாப்பிள்ளையின் அப்பா தணிகாசலத்துக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் பெண் வீட்டார் மேல் இல்லை. அவர்களை ஏமாற்றிய கடைமேல்தான். அந்தக் கடை நம்பரைக் கொடுங்கள் சம்பந்தி, இப்போதே பேசுகிறேன் என்று சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். கலைவாணி மகளைப் பார்த்தாள். மாலையும் கழுத்துமாக நின்ற இனியாவின் கண்கள் டிரில்லின் முனையிலேயே இருந்தன. உதடு வெளுத்திருந்தது. அவள் வாயைத் திறக்கப்போவதில்லை என்று கலைவாணிக்குத் தெரிந்தது. சரிம்மா என்று சொன்னவள், சொன்னதுதான்.

டிரில் உறுமத் தொடங்கியது.

"அண்ணே, மரத்துல வைக்காதீங்க" என்றாள் கலைவாணி. அவள் நினைத்ததைவிடக் குரல் உரக்க வந்துவிட்டது. கூடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அது கடையில எடுத்தது இல்ல. நான் பொய் சொல்லிட்டேன். எம் பொண்ணு செஞ்சது. ஒவ்வொரு துளையும் அவளே உளி வச்சு எடுத்தது. அதுக்கு ஸ்க்ரூ வேணாம்."

ஒரு மூலையில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜவேல் டிரில்லை அணைத்துத் தரையில் வைத்தார். சட்டத்தின் முனையை விரலால் தடவினார். பிறகு நிமிர்ந்து இனியாவைப் பார்த்தார்.

"நீயாம்மா எடுத்த?"

"ஆமா மாமா. இந்தக் கால்ல மட்டும் துளை கொஞ்சம் பெருசாப் போயிடுச்சு. சின்னத் துண்டு வச்சுச் சரி பண்ணியிருக்கேன்."

அவர் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தார். அவள் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தன் கருவிப் பையிலிருந்து மரச்சுத்தியலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

இனியா மாலையைக் கழற்றிக் கலைவாணியிடம் கொடுத்தாள். முகூர்த்தப் புடவையின் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் முட்டி போட்டாள். நீளச் சட்டத்தின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி முகிலனைக் கூப்பிட்டாள். பட்டு வேட்டி தடுக்க அவன் உட்கார்ந்து பிடித்தான். கொஞ்சம் தூக்குங்க, அவ்ளோதான், இப்ப தள்ளுங்க என்று அவள் சொன்னதையெல்லாம் செய்தான். ஆப்பு உள்ளே போகப் போக, சுத்தியலின் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. அவள் அதைக் காது கொடுத்துக் கேட்டாள்; ஓர் இடத்தில் போதும் என்று நிறுத்தினாள். வளையல்களும் சேர்ந்து நின்றன. கையில் மாலையை ஏந்திக்கொண்டு கலைவாணி தன் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அத்தனை பேர் இருந்தும், யார் என்ன நினைக்கிறார்கள் என்று அவளுக்குப் பார்க்கத் தோன்றவில்லை. தன் நெஞ்சு நிமிர்ந்திருப்பது மட்டும் தெரிந்தது.

கட்டில் எழுந்து நின்றது. தணிகாசலம் அதன் ஓரத்தில் உட்கார்ந்து, முன்னும் பின்னும் அசைந்து பார்த்தார். ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். நிர்மலா, யாரிடமோ சொல்லி மெத்தையை உள்ளே எடுத்துவரச் செய்தாள்.

"இருக்கட்டும், இப்ப போட வேணாம்" என்றார் தணிகாசலம். "வர்றவங்க பாக்கட்டும்."

பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை வாசல் சுவரில் சாய்ந்து நின்றது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதை ஒதுங்கிக் கடந்து உள்ளே போனார்கள். காப்பி டம்ளரோடு கட்டிலைச் சுற்றி நின்றார்கள். குனிந்து ஆப்புகளைப் பார்த்தார்கள், கையால் தடவினார்கள். கூடத்தில் நாற்காலி போதவில்லை. இருந்தும் கட்டிலில் யாரும் உட்காரவில்லை.