முதுகில் விழுந்த குழி

நடராசன் விருத்தாசலம் செராமிக் பேட்டையில் இருபது வருஷமாகப் பீங்கான் பொம்மைகளுக்குப் பூசும் கண்ணாடி மெருகான கிளேஸ் கலக்குகிறவர். போர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு பொம்மை மேல் புள்ளி போட்டுவிடும் என்று, உப்பும் சுண்ணாம்பும் நீக்கிய பேட்டரி தண்ணீரில்தான் சோதனைக் கலவை போடுவார். அந்தப் பழக்கதோஷம் வீட்டுக்கும் வந்தது. மகள் பிரபா எம்.ஃபில் ஆய்வுக்காக நத்தை முட்டைகள் வைத்திருந்த கிண்ணத்தின் ஓரத்தில் வெள்ளை படிந்திருந்தது. அவள் காலேஜ் போயிருந்த நேரம், பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பேட்டரி தண்ணீரை ஊற்றினார். நல்லது செய்துவிட்டோம் என்று குஷி வேறு.

அது வியாழக்கிழமை. சனிக்கிழமை காலையிலிருந்து பிரபா மைக்ராஸ்கோப்பை விட்டு எழவில்லை. கருவின் முதுகில் முதலில் ஒரு குழி விழும். அது வெளியே பிதுங்கி மெல்லிய தோலாகப் படரும். தோலுக்கு அடியில் சுண்ணாம்பு இறங்கினால்தான் ஓடு என்று அம்மாவிடம் சொல்லிப் புலம்பினாள். குழி விழுந்தது, தோலும் படர்ந்தது, ஓட்டைத்தான் காணோம். திங்கட்கிழமை மைக்ராஸ்கோப்பைத் திருப்பித் தர வேண்டும். அதற்குள் படம் கிடைக்காவிட்டால் இந்த வருஷ ஆய்வு அவ்வளவுதான். தன் கைக்குத்தான் ராசியில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சுண்ணாம்பு என்று காதில் விழுந்ததுமே நடராசனுக்குத் தான் ஊற்றிய தண்ணீர் நினைவுக்கு வந்தது. சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் பெண்ணின் படிப்பு போகும். அரை நாள் மானம்தான் ஜெயித்தது, வெட்கக்கேடு. மதியம் அவள் முட்டைகளைத் தூக்கிப்போடக் கிளம்பியபோதுதான் எழுந்துபோய் மறித்தார்.

"கொட்டாதம்மா. தண்ணிய மாத்துனது நாந்தான். பேட்டரி தண்ணி ஊத்திட்டேன்."

பிரபா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். குழாயடிக்குப் போய்ப் போர் தண்ணீர் பிடித்துவந்து ஊற்றினாள்.

ஞாயிறு சாயங்காலம் மறுபடி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். நாற்பது கருவில் முப்பத்தேழு அசையாமல் கிடந்தன. மிச்ச மூன்றும் முட்டைக்குள் மெதுவாகச் சுற்றின. அவற்றின் முதுகுத் தோலுக்கடியில் பொடிப்பொடியாக வெள்ளை இறுகியிருந்தது. பிரபா மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தாள். பிறகு நோட்டில் இங்கிலீஷில் எழுதி, அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள்: தவறுதலாகத் தண்ணீர் மாற்றப்பட்டதால் முப்பத்தேழு கருக்கள் ஓடு கட்டாமல் இறந்தன.

நடராசன் நோட்டின் மேல் விரலை வைத்தார்.

"யாரு மாத்துனதுன்னு அதுல இல்லியே. என் பேரப் போடும்மா."