சிவப்பு விளக்கும் கடைசி டேக்கும்

எங்கள் டப்பிங் ஸ்டூடியோவில் தூசி தட்டுவது நான். சவுண்ட் இன்ஜினியர் என்ற பெயரில் நாற்காலியைத் தேய்ப்பது என் தம்பி. அன்று காலை பதிவுகளைச் சேமிக்கும் பெட்டியைத் துடைத்தபோது, நான்கு விளக்குகளில் ஒன்று சிவப்பாக எரிந்தது.

"அது மூணு மாசமா அப்படித்தான்க்கா இருக்கு" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெட்டிக்குள் நான்கு ஹார்ட் டிஸ்க்; சிவப்பு எரிந்தால் அந்த டிஸ்க் செத்துவிட்டது என்று அர்த்தம். அவற்றை ரெய்டு ஐந்து என்ற முறையில் ஒன்றாகச் சேர்த்திருந்தான். கோப்புகள் துண்டுதுண்டாக நான்கிலும் பரவியிருக்கும், கூடவே ஒரு கணக்கும் இருக்கும். ஒன்று செத்தால், மற்ற மூன்றும் அந்தக் கணக்கை வைத்துத் தொலைந்ததைத் திரும்ப எழுதிவிடும். இரண்டாவதும் செத்தால் மொத்தமும் போச்சு.

உள்ளே இருந்தது அம்மாவின் குரல். இருபத்தெட்டு வருடம் டப்பிங் பேசியவள். படத்துக்குப் போன வசனம் எங்கேயாவது கிடைக்கும். இரண்டு டேக்குக்கு நடுவே அவள் எங்களைத் திட்டியது இந்தப் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது. தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளுக்குக் குரல் இல்லை.

தனியாக நகல் எடுத்தாயா என்று கேட்டேன். ரெய்டு இருக்கிறதே என்று விட்டுவிட்டானாம். சரி, இப்போதாவது எடுத்துவிட்டு மாற்று என்று நான் சொல்வதற்குள், கடைக்கு ஓடி வாங்கி வந்த புது டிஸ்க்கைச் செருகிவிட்டான். அவசரத்துக்குப் பிறந்தவன். திரும்ப எழுதி முடிக்க ஏழு மணி நேரம். பழைய மூன்றும் செத்ததோடு ஒரே நாளில் வாங்கியவை; இந்த ஏழு மணி நேர உழைப்பில் அவற்றில் ஒன்று படுத்தாலும் தீர்ந்தது.

மதியம் அம்மா வந்தாள். தன் கடைசிப் பதிவைப் போடச் சொல்லிக் கையிலிருந்த சிலேட்டில் எழுதிக் காட்டினாள். தம்பி தரையைப் பார்த்தபடி நடந்ததைச் சொன்னான். அவள் எங்கள் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையில் ஏறும் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்றில் வெகுநேரம் நின்றபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் நான்கும் பச்சையாயின. முதல் வேலையாக, தனி டிஸ்க் ஒன்றில் நகல் எடுக்க வைத்தேன். பிறகுதான் அம்மா கேட்டதைப் போட்டான்.

முதலில் கீச் கீச்சென்று ஒரு சத்தம். அதன் மேல் அம்மாவின் குரல்.

"டேய், அந்தப் பெட்டி என்னமோ கத்துது, பாரு."

"அது கிடக்கட்டும்மா. அலாரத்தை நிறுத்திட்டேன். நீ பேசு." இது தம்பியின் குரல்.

சத்தம் நின்றது. அம்மா பேசினாள், இரண்டு நிமிடம், பிசிறில்லாமல். மூன்று மாதத்துக்கு முந்தைய பதிவு அது; மறுநாள்தான் அவளுக்கு ஆபரேஷன்.

தம்பி முகத்தை மூடிக்கொண்டு அழுதான். காலையிலிருந்து சேர்த்துவைத்திருந்த திட்டை விட்டுவிட்டு அவன் பக்கம் நாற்காலியை நகர்த்தினேன். அம்மா அவன் கையை விலக்கிச் சிலேட்டைக் காட்டினாள்.

"டேக் நல்லா வந்திருக்கில்ல?"