பாட்டு நிக்கலை

அண்ணனின் கணுக்காலில் காய்ந்திருந்த மண்ணை முத்தாத்தாள் ஈரத்துணியால் துடைத்தாள். மண் போயிற்று. அடியில் நான்கு விரல் தடங்கள் இருந்தன. அவை போகவில்லை. அந்த விரல்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் புருஷன் மாரப்பனுடையவை.

அண்ணன் சென்னிமலை, வாசல் பந்தலில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். இருபத்தாறு வயது. கட்டில் அவனுக்குப் போதாமல் பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வாளையார் வட்டாரத்தில் அவனைப்போல் சடுகுடு ஆட ஆளில்லை என்று மேட்டுக்களத்தார் சொல்வார்கள். தோற்றுப்போன ஊர்களும் அதையேதான் சொல்லும், சில கெட்ட வார்த்தைகள் சேர்த்து.

நேற்று எழுபத்து நாலாம் வருஷத்துப் பொங்கல் ஆட்டம். மேட்டுக்களத்துக்கும், முத்தாத்தாளைக் கட்டிக்கொடுத்திருந்த வேலங்காட்டுக்கும். வேலங்காட்டு அணியில் பிடிக்கிற ஆள் மாரப்பன். மச்சானும் மச்சானும் மோதுவதைப் பார்க்க வட்டாரத்து ஜனம் அத்தனையும் வந்திருந்தது.

பிடிபட்டால் சென்னிமலை திமிறமாட்டான். உடம்பைத் துணிபோலத் தொங்கவிட்டு, பாடி வந்த பாட்டைக் கொசுவின் சத்தத்துக்கு இறக்கிவிடுவான். மூச்சு முடிந்தது என்று பிடித்தவர்கள் கை தளர்வார்கள். அதே நொடியில் எட்டிக் கோட்டைத் தொடுவான். போன இரண்டு பொங்கலுக்கும் நடுவர் குருசாமி வாத்தியார் இதில் ஏமாந்து, அவசரப்பட்டு விசில் ஊதி, ஊரிடம் வசவு வாங்கியிருந்தார். இந்த முறை ஏமாறுவதில்லை என்ற முடிவோடு வந்திருந்தார். சென்னிமலை துவண்டதும் மண்டியிட்டு அவன் வாயருகே காதை வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தி, "பாட்டு நிக்கலை" என்று அறிவித்தார்.

மாரப்பன் பிடியை இறுக்கினான். கூட்டம் கை தட்டியது. வெகுநேரம் தட்டியது.

ஊரில் யாருக்குப் பாம்பு கடித்தாலும், பிரசவம் சிக்கலானாலும், வாளையார் செக்போஸ்டுக்கு ஓடிப்போய்ப் பாலக்காடு போகும் லாரியைப் பேசி நிறுத்திவைப்பது சென்னிமலையின் வேலை. நேற்று அவனே எழாமல் கிடந்தபோதும் யாரோ ஒருவன் பதறிப்போய், "சென்னிமலையைக் கூப்புடுங்கடா, லாரியை நிறுத்தட்டும்" என்றான். இரண்டு பேர் அவனைத் தேடவும் போனார்கள்.

ஆசுபத்திரியில் டாக்டர் "ஹிருதயம்" என்று மலையாளத்தில் சொன்னார். ஊருக்குப் புரிந்தது. நம்பத்தான் முடியவில்லை. அவனிடம் கெட்டுப்போக எதுவும் இருந்ததாக யாருக்கும் தெரியாது.

இன்னும் யாரும் சரியாக அழவில்லை. ஒரு பெரியம்மா ஒப்பாரியை எடுத்தாள். இரண்டாவது அடியில் கட்டிலைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். குருசாமி வாத்தியார் கழுத்தில் விசிலோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். அதைக் கழற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அணிப் பையன்கள் சுவரோரம் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"அப்ப அந்த பாயிண்ட் யாருக்குடா?"

"செருப்பால அடிப்பன். பேசாம நில்லு."

"இல்லடா, அவனே எந்திரிச்சா மொதல்ல அதத்தான் கேப்பான்."

வேலிப் படலுக்கு வெளியே மாரப்பன் கோடித்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மச்சான் முறைக்காரன் கோடி போர்த்தாமல் அந்த ஊரில் பாடை எழும்பாது. உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை. அவனும் வரவில்லை.

சித்தப்பா காளிச்சாமி முத்தாத்தாளின் அருகில் வந்து குனிந்தார்.

"அம்மிணி, இவன் கையால கோடி வேண்டாம். தூரத்து மச்சான் ஒருத்தன் வந்திருக்கறான், அவனைப் போர்த்தச் சொல்லலாம். நீயும் இனி அங்க போவோண்டாம் சாமி. இங்கியே இருந்துக்க."

முத்தாத்தாள் துணியைப் பிழிந்தாள். வேறொருவன் போர்த்திவிட்டால் அவள் புருஷன் இந்த வாசலை இனி மிதிக்க முடியாது. அவள் இங்கே இருந்தால் அவன் இல்லை. அவனோடு போனால் அம்மா இல்லை. அவளுக்குக் கல்யாணம் ஆகும்வரை தனக்கு வேண்டாமென்று இருந்து, மாரப்பனைப் பார்த்து முடித்தவனே கட்டிலில் கிடந்தவன்தான். நேற்று மத்தியானம்கூட அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் ஆடப் போனான். "உம்பட ஊட்டுக்காரனுக்கு இன்னொரு உருண்டை போடு, இன்னிக்கு நெறைய வேலை இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நாச்சம்மாள் பின்கட்டிலிருந்து வந்தாள். மகன் செத்த மறுநாளும் எருமைக்குத் தாகம் எடுப்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்ததுபோல், கையிலிருந்த வாளியையே பார்த்தாள். பிறகு படல் பக்கம் பார்த்தாள்.

"ஏனுங் கொழுந்தனாரே, மாப்பிள்ளை எதுக்கு வெளிய நிக்கறாரு?"

"உங்களுக்குத் தெரியாததுங்களா அண்ணி? கடேசி வரைக்கும் புடிச்சிருந்தது அவன்தானுங்க."

நாச்சம்மாள் வாளியை வைத்துவிட்டுப் படலுக்குப் போனாள். பையன்கள் அவளுக்கு வழிவிட்டார்கள்.

"மாப்பிள்ளைங்களே, நீங்கதான் காலைப் புடிச்சிருந்தீங்களா?"

"ஆமாங்க அத்தை."

"அவன் பாட்டு உங்களுக்குக் கேட்டுதுங்களா?"

முத்தாத்தாள் புருஷனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டாப்பல இருந்துதுங்க." கோடித்துணியை மறுகைக்கு மாற்றினான். "இப்பவும் கேட்டாப்பலதானுங்க இருக்குது."

நாச்சம்மாள் அதை யோசித்தாள்.

"புடிக்கப் போனவர் புடிக்கத்தானுங்க செய்யோணும். உட்டிருந்தீங்கன்னா அவனே வைவான். வந்து போர்த்துங்க. வெயில் ஏறுது."

"அண்ணி..." என்றார் காளிச்சாமி.

"ஊட்டுக்கு ஒரே மருமகனுங்க. அவரையும் அக்கட்டால நிறுத்தீட்டா, நான் அப்புறம் யாரை வாங்கன்னு கூப்படறது?"

காளிச்சாமி கட்டிலருகிலிருந்து விலகி நின்றார்.

மாரப்பன் உள்ளே வந்தான். அவன் கோடி போர்த்தும்போது முத்தாத்தாள் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பாடை எழும்பியது. மூன்று மூலைக்கும் மேட்டுக்களத்துப் பையன்கள் தோள் கொடுத்தார்கள். எல்லோரும் நெட்டையர்கள். நாலாவது மூலையில் மாரப்பன். பிடிக்கிறவனுக்கு வாய்த்த குட்டை உடம்பு. பாடை அவன் பக்கம் சாய்ந்தது. தோளை எவ்வளவு எக்கியும் எட்டவில்லை. முன்னால் போனவன் திரும்பிப் பார்த்தான்.

நாச்சம்மாள் காளிச்சாமியின் தோளிலிருந்த துண்டை, கேட்காமலே உருவினாள். நாலாக மடித்து, மருமகனின் தோளுக்கும் மூங்கிலுக்கும் நடுவே செருகினாள். இன்னும் கொஞ்சம் இடைவெளி இருந்தது. காளிச்சாமி பக்கத்தில் நின்றவனின் துண்டை வாங்கிக் கொடுத்தார். அதையும் செருகினாள்.

பாடை நேரானது. துண்டுகள் நழுவாமல் இருக்க, மாரப்பன் கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டே நடந்தான்.