வெள்ளைக் கல் தேய்த்த படி

கிழக்கு லண்டனில், பாப்ளர் பக்கத்து மதுக்கடைகளில் என்னைப் பொய்யன் என்பார்கள். நியாயம்தான். புகைபோக்கி வழியே இறங்கிய குண்டு வெடிக்காமல் அத்தையின் சூப் பானையில் உட்கார்ந்துகொண்டதாகவும், அத்தை அதை அகப்பையால் ஒதுக்கிவிட்டு எல்லோருக்கும் பரிமாறியதாகவும் நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். அதற்குக் கைதட்டுகிறவர்கள், இந்த உண்மையைச் சொன்னால் மட்டும் கோப்பையைக் குனிந்து பார்க்கிறார்கள்.

1940, செப்டம்பர். ஜெர்மன் விமானங்களின் குண்டு விழுந்தும் லண்டன்காரர்கள் அசரவில்லை என்று அமெரிக்காவுக்குக் காட்ட ஒரு செய்திப்படம். கேமரா என் கையில். காலையில், கூரை பறந்துபோன வீட்டின் முன்னால் வின்னி பார்ஜெட்டர் மண்டியிட்டு வாசற்படியை வெள்ளைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருக்களில் கூரை இல்லாமல் இருக்கலாம்; படி வெளுக்காமல் இருக்கக் கூடாது.

"வீடே இல்லையேம்மா, யாருக்கு இந்தப் படி?"

"எங்க வீட்டுக்காரரு சிட் ராத்திரி துறைமுகத்துல தீயணைக்கப் போயிருக்காரு. வந்து சேறு பூட்ஸோட ஏறுவாரு. திட்டுறதுக்கு ஒரு படி வேணாமா?" சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் ஒரு வாரம் அலைந்தேன். கேமராவை ஓடவிட்டேன். அப்போது தெருமுனையில், குண்டுவீச்சு நேரத்தில் எங்கள் தெருக்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டன் காஸ்லிங் வந்தார். இரும்புத் தொப்பி தலையில் இல்லை, கையில். சாவுச் செய்தி கொண்டுவருகிறவர்கள்தான் அப்படித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வருவார்கள்; எதற்கு வருகிறார் என்று புரிந்துவிட்டது. கையை உயர்த்தி அவரை நிறுத்தினேன். படம் ஓடுகிறதே.

மனுஷன் நின்றார்.

"அருமை!" என்றேன்.

"தலை கலைஞ்சிருந்துச்சு தம்பி. இன்னொரு தடவை எடு."

எடுத்தேன்.

"மூக்கைச் சொறிஞ்சிட்டேன். இன்னொண்ணு."

அம்மாளுக்கு நடிப்பு ஆசை பிடித்துவிட்டது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். மூன்றாவது முறை, ஏற்கெனவே வெளுத்த இடத்தையே கல் தேய்த்தது. அவள் கண் கேமராவில் இல்லை. என் தோளுக்குப் பின்னால், அந்தத் தொப்பியில் இருந்தது. உதடு மட்டும் சிரித்தது. அமெரிக்காவில் கைதட்டியது அந்தச் சிரிப்புக்குத்தான்.

"இன்னும் ஒரே ஒரு தடவை, கண்ணு."

பையில் இரண்டு முழுச் சுருள்கள் இருந்தன. மதியம் வேறு தெருவில் வேலை.

"ஃபிலிம் தீர்ந்துபோச்சும்மா."

நான் சொன்ன பொய்களில் மறுகேள்வி இல்லாமல் நம்பப்பட்டது அது ஒன்றுதான். கல்லை வாளியில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க மிஸ்டர் காஸ்லிங்," என்றாள். "படியை மிதிச்சிடாதீங்க, ஈரம்."